நீலம் பாதுகாப்பானது

பயப்படுவதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது என்பது ஜம்புநாதனுக்கு ஐம்பத்து நான்காவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவர் வேண்டிய பயத்தை வேண்டிய இடத்தில் தாமாகவே பட்டுக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுபத்தைந்தில் புனே வந்தவர். நிக்டியில் வீடு, சிஞ்ச்வடில் ஒரு பெரிய கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் வேலை. வேலையில் சேர்ந்த முதல் நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஒயர் வரும். மூன்றிலும் கரண்ட் ஓடும். மூன்றும் ஆளைக் கொல்லும். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மெயினை அணைத்துவிட்டாலும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடக்கூடாது. முப்பது வருஷமாக அவர் தொட்டதில்லை. அதனால்தான் முப்பது வருஷமாக இருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் கம்பெனியின் மும்பைத் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எலெக்ட்ரிகல் பேனலில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தாம் ஓர் 'ஆரோக்கியமான வயது வந்தவர்' என்று அங்கீகாரம் பெற்ற நிலையத்திலிருந்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர் கேட்டில் உட்கார்ந்து பார்வையாளர்களுக்குப் பாஸ் எழுத வேண்டும்.

ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. அந்த நான்கு வருஷத்தையும் பாஸ் எழுதிக் கழிக்க ஜம்புநாதனுக்கு மனமில்லை. மேலதிகாரி காளே சாஹேபிடம் போய் நின்றார். காளேயும் அதே பேனல்களில் வயர்மேனாக ஆரம்பித்து மேலே வந்தவர்தான். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுபோயிருந்தன. அவர் அதிகம் பேசமாட்டார்.

"ரூல் ஆஹே," என்றார் காளே. ரூல் இருக்கிறது. அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி மல்லிகா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு பொண்ணைக் கட்டிக்குடுத்தாச்சு. இப்பப் போயி நீங்க வயசு வந்தவருதான்னு சர்டிபிகேட் வாங்கணுமாக்கும்!"

கடக்வாஸ்லா போகும் சாலையில் இருந்தது அச்சக் கற்றல் ஆராய்ச்சி நிலையம். வாசலில் 'இங்கு யாரும் பயப்படத் தேவையில்லை' என்று ஒரு பலகை. அதன் கீழேயே 'மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று இன்னொரு பலகை. எதை மீறுவோர் என்று எழுதியிருக்கவில்லை. மன அழுத்தமும் பதட்டமும் ஆரோக்கியமான மனிதர்கள் அச்சத்தைக் கற்றுக்கொள்வதை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. இரண்டு வருஷத்தில் முடிக்க வேண்டியது. அப்போது ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் ஆட்களை அனுப்பினால் நிலையம் சான்றிதழ் கொடுக்கும் என்று ஓர் ஏற்பாடு.

தலைமை எழுத்தர் பேண்ட்ஸே ஒரு கட்டுக் காகிதத்தை ஜன்னல் வழியாகத் தள்ளினார். பதினான்கு படிவங்கள். எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: கீழே கையொப்பமிடும் நான் எந்தப் பதட்டமும் இல்லாதவன். மூன்று போட்டோ, ஒரு கெஜட்டட் அதிகாரியின் சாட்சிக் கையெழுத்து.

"பதட்டமா இருக்கறவங்களுக்கும் பதினாலா?" என்று இந்தியில் கேட்டார் ஜம்புநாதன்.

"அவங்களுக்கு ஒண்ணுதான்," என்றார் பேண்ட்ஸே. "அவங்கதான் ஏற்கெனவே பதட்டமா இருக்காங்களே."

மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, வேறு வேறு மையில் எழுதி, புனேயின் கேம்ப் பகுதிக்குப் போய் ஓர் அதிகாரியைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, நாலாவது முறை நீட்டியபோது ஜம்புநாதனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. 'பதட்டம் இல்லை' என்று பேண்ட்ஸே முத்திரை குத்தினார்.

சோதனை செய்தவள் வைஷாலி. கேம்ப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்து வைப்பாள்.

"அங்கிள், நீங்க பயப்பட வேணாம். அதாவது... பயப்படணும். ஆனா இப்ப வேணாம்."

விஷயம் இதுதான். விரல்களில் இரண்டு பட்டைகள் கட்டுவார்கள். உள்ளங்கை லேசாக வேர்த்தால்கூட மேஜைமேல் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒரு முள் காகிதத்தில் கோடு கிழிக்கும். பெட்டி பேட்டரியில் ஓடுவது. எதிரே திரையில் மஞ்சள் கட்டம் வந்தால் மணிக்கட்டில் ஒரு சின்ன ஷாக். நீலக் கட்டம் வந்தால் ஒன்றும் கிடையாது. ஆரோக்கியமான மனிதன் பத்துத் தடவைக்குள் பாடம் கற்றுக்கொள்வான்: மஞ்சளைக் கண்டால் வேர்ப்பான், நீலத்தைக் கண்டால் சும்மா இருப்பான். மன அழுத்தத்தில் இருப்பவன்தான் இரண்டையும் கண்டு வேர்ப்பான்.

"தட்ஸ் ஆல், அங்கிள்."

ஆனால் முதல் நாள் ஷாக் கொடுக்க முடியவில்லை, கரண்ட் இல்லை. அன்று வியாழக்கிழமை. சிஞ்ச்வடில் கம்பெனிகளுக்கெல்லாம் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. மின்வாரியம் புனேயில் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துவதும் வியாழக்கிழமைதான். ஆகவே ஆட்கள் வரும் நாளில் கரண்ட் இல்லை, கரண்ட் இருக்கும் நாளில் ஆட்கள் இல்லை. ஏழு வருஷமாக ஆராய்ச்சி இப்படித்தான் முன்னேறிக்கொண்டிருந்தது.

"அப்ப இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்றார் ஜம்புநாதன்.

பேண்ட்ஸே ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்துவைத்தார். 'எனக்கு உரிய பத்து அதிர்ச்சிகளையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' மூன்று பிரதிகள். ஜம்புநாதன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வியாழனும் போட்டார்.

மூன்றாம் வியாழன் ஒரு ஜெனரேட்டர் வந்துவிட்டது. வைஷாலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சள் கட்டம் வந்தது, ஜம்புநாதனின் மணிக்கட்டில் ஷாக் அடித்தது.

"இதுவா மேடம்?" என்றார் அவர். "எறும்பு கடிச்சாப்புல இருக்கு. உங்க எர்த்து லூசா இருக்கும், இருங்க பாக்கறேன்." பட்டையைக் கழற்றிவிட்டு ஷாக் கொடுக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பேனாக்கத்தியால் இரண்டு திருகு திருகிவிட்டுத் திரும்பி வந்து தாமே பட்டையைக் கட்டிக்கொண்டார். "இப்பக் குடுங்க. இப்ப நல்லா வரும்."

நல்லா வந்தது. முள் கொஞ்சம் ஆடியது. அடுத்து நீலக் கட்டம் வந்தது. முள் அதே அளவு ஆடியது. பத்துத் தடவை காட்டினாலும் நீலத்துக்கு அது ஆடாமல் இருக்கவில்லை.

"அங்கிள், நீலத்துல ஒண்ணுமே இல்லையே. ஏன் வேர்க்குது?"

"நீலம் மூணாவது ஃபேஸ் மேடம். அதுலயும் இருநூத்தி முப்பது வோல்ட் இருக்கும்."

வைஷாலி படிவத்தைப் புரட்டினாள். அப்படி ஒரு பதிலுக்குக் கட்டம் இல்லை. இயக்குநரைக் கூப்பிட்டாள்.

இயக்குநர் டாக்டர் வாசுதேவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. உடனே பிரசங்கம் தொடங்கிவிட்டது.

"மிஸ்டர் ஜம்புநாதன், இருபத்திரண்டு வருஷமா நான் பயத்தை ஆராயறேன். இதுவரைக்கும் எனக்குப் பயம்னு ஒண்ணு வந்ததே கிடையாது. டெல்லிலேருந்து போன் வந்தா எழுந்து நிப்பேன். அது பயம் இல்லை, மரியாதை. போன மாசம் டெல்லிலேருந்து லெட்டர் வந்தப்போ ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை. அதுவும் மரியாதைதான். இந்த வித்தியாசம் தெரியறதுக்குத்தான் சயன்ஸ். இப்போ கேளுங்கோ: நீலம் பாதுகாப்பானது."

"சார், கம்பெனில நீலத்தைத் தொட்டா..."

"அது உங்க கம்பெனி. இங்கே நீலம் பாதுகாப்பானது. ஏழு வருஷ டேட்டா இருக்கு."

"அப்ப நாளைக்குக் காலைல பேனலைத் திறக்கறப்ப நான் என்ன சார் பண்றது?"

"அது எங்க ஆய்வு எல்லைக்குள்ள வராது," என்றார் இயக்குநர். பிறகு வைஷாலியிடம் திரும்பினார். "இவருக்கு உள்ளுக்குள்ள மன அழுத்தம் இருக்கு. இருக்கான்னு பாக்கணும்னா முதல்ல கொடுத்துப் பாக்கணும்."

கொடுத்துப் பார்த்தார்கள். விதிப்படி மன அழுத்தம் இரண்டு வகை. முதலாவது, கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் மூன்று நிமிடம் வைத்திருப்பது. பனிக்கட்டி வாங்க அனுமதி வராததால் ஸ்வார்கேட் பக்கத்துக் கரும்புச்சாறு கடையிலிருந்து ஒரு கட்டி கடன் வாங்கிவந்திருந்தார்கள். கடைக்காரர் கூடவே வந்து, கட்டி கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜம்புநாதனின் கை விறைத்ததைவிட அவர் முகம் அதிகம் விறைத்தது.

இரண்டாவது, சிரிக்காத மூன்று பேர் முன்னால் நின்று பேசுவது. வெள்ளைக் கோட்டுப் போட்ட மூவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் போதாததால் மூன்றாமவர் நிலையத்துத் தோட்டக்காரர். என்ன சொன்னாலும் முகம் மாறக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. 'என் வேலைக்கு நான் ஏன் தகுதியானவன்' என்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஜம்புநாதன் முப்பது வருஷத்தைச் சொன்னார். மூன்று முகமும் சுவராக இருந்தன. பிறகு இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள்.

"ரெண்டாயிரத்து இருபத்தாறு. ரெண்டாயிரத்து ஒம்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ரெண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு... சார், அந்த வருஷந்தான் நான் புனே வந்தேன்."

"தவறு. முதலிலிருந்து."

ஏழு தடவை முதலிலிருந்து எண்ணினார். ஒவ்வொரு தடவையும் எழுபத்தைந்து வரும்போது நாக்கு தடுமாறியது. முப்பது வருஷமாகத் தான் வேலைக்கே லாயக்கில்லாமல் இருந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதன்பிறகு பட்டையைக் கட்டியபோது மஞ்சளுக்கு முள் குதித்தது, நீலத்துக்குக் குதித்தது, வெள்ளைக் கோட்டோடு தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றப் போனபோதும் குதித்தது.

"சூப்பர் அங்கிள்!" என்றாள் வைஷாலி. "ஸ்ட்ரெஸ் இருந்தா சேஃபான கலருக்கும் பயம் வரும். நம்ம தியரி கரெக்ட்."

"ஸ்ட்ரெஸ் வர்றதுக்கு முந்தியே நீலத்துக்கு வந்துச்சே மேடம்?"

"அது ஸ்ட்ரெஸ் வரப்போகுதுங்கற ஸ்ட்ரெஸ்," என்றார் வாசலில் நின்ற இயக்குநர்.

ஆக, ஜம்புநாதனை ஆரோக்கியமானவராக்கும் வேலை ஆரம்பமாயிற்று. ஆறு வியாழக்கிழமைகள். ஒரு நாளைக்கு நானூறு நீலக் கட்டங்கள், ஒன்றுக்கும் ஷாக் கிடையாது. டீ நீல டம்ளரில் வந்தது. நாற்காலிக்கு நீல உறை. இடைவேளையில் பேண்ட்ஸே நோட்டுப் புத்தகம் கொடுத்து 'நீலம் பாதுகாப்பானது' என்று நூறு தடவை எழுதச் சொன்னார். இந்தியில், ஆங்கிலத்தில், பிறகு வட்டார மொழியில். ஜம்புநாதன் தமிழில் எழுதியதைப் பேண்ட்ஸே திருப்பிக் கொடுத்து மராத்தியில் வாங்கிக்கொண்டார்.

ஜம்புநாதன் எதிர்க்கவில்லை. கேட் அவர் கண்முன் நின்றது. ஆறாம் வியாழன் நீலக் கட்டம் வந்தபோது முள் அசையவே இல்லை. வைஷாலி கைதட்டினாள். பேண்ட்ஸே எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"சர்டிபிகேட்?"

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி பாக்கி. அடுத்த வியாழன் டெல்லிக் குழு வருது. அவங்க கையால குடுப்பாங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கம்பெனியில் கம்ப்ரெஸர் பேனல் நின்றுபோயிருந்தது. ஜம்புநாதன் மூடியைக் கழற்றினார். உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம். டெஸ்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. கை நேராக நீலத்துக்குப் போயிற்று.

இரண்டு விரல்கடை தூரம் இருக்கும்போது பக்கத்துப் பேனலில் ஏதோ டக்கென்று விழுந்த சத்தம் கேட்டுக் கை நின்றது. அவர் நின்ற இடத்தில் நின்று, டெஸ்டரை எடுத்து, நீலத்தில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. யாரோ மெயினை அணைக்காமலே விட்டிருந்தார்கள்.

ஜம்புநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொட இருந்தோமே என்பதல்ல அவரை உலுக்கியது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

அன்று சாயங்காலம் மல்லிகாவிடம் சொன்னபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அந்த சர்டிபிகேட்ட வாங்கி என்ன பண்ண? உங்க போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டவா?" என்றாள். குரல் உடைந்தது. "கேட்டுல உக்காந்து பாஸே எழுதுங்க. இல்லாட்டி எங்க குடுத்தீங்களோ அங்க போயி உங்க பயத்தத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

அடுத்த வியாழக்கிழமை நிலையம் முழுக்க நீலத் தோரணம். டெல்லிக் குழுவின் நால்வர் முன்வரிசையில் ஏர்கூலர் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லத்தான் ஜம்புநாதன் வந்திருந்தார். ஆனால் அவரை யாரும் பேசவிடவில்லை. மேடை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இயக்குநர் தம் விரல்களிலேயே பட்டையைக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். முள் பெட்டியைக் குழுத் தலைவரின் எதிரே மேஜையில் வைத்திருந்தார்கள்.

"மதிப்புக்குரியவர்களே, இந்த நிலையத்தில் பயமே கிடையாது. ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்காவது தைரியம் இருக்கிறதா? ஏழு வருஷமாக எங்கள் முடிவுகள் ஒருமுறைகூட மாறியதில்லை. மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டியே போட்டிருக்கிறோம்."

அந்த இடத்தில் பாதி விளக்குகள் போயின. ஏர்கூலர் நின்றது. மைக் செத்தது. டெல்லிக் குழு கைக்குட்டையால் விசிறிக்கொள்ளத் தொடங்கியது.

எல்லோரும் ஜம்புநாதனைப் பார்த்தார்கள். அவர் மேடைப் பக்கத்தில் இருந்த போர்டைத் திறந்தார். நீல ஒயர் ஸ்க்ரூவிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டரை அஞ்சு நிமிஷம் அணைக்கணும் சார்."

"அணைக்கறதாவது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் இயக்குநர். "மிச்ச லைட்டும் போயிடும். டெல்லிக்காரா உக்காந்திருக்கா. அப்படியே மாட்டுங்கோ. நீலம்தானே? ஆறு வாரம் எழுதினீரே!"

ஜம்புநாதன் அவரைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"சரிங்க சார். ஒருத்தர் ஒயரைப் பிடிச்சாத்தான் நான் ஸ்க்ரூ முறுக்க முடியும். நீலம் பாதுகாப்பானதுதானே, நீங்க வந்து ஒரு கை பிடிங்க."

ஜெனரேட்டரின் உறுமலையும் மீறி முள் பெட்டி கிறீச்சிட்டது. முள் காகிதத்தின் குறுக்கே ஓடி, ஓரத்தைத் தாண்டி, மை தெறித்துக் குழுத் தலைவரின் ஃபைலில் விழுந்தது. இயக்குநர் இரண்டு எட்டுப் பின்னால் போயிருந்தார். பட்டையின் கம்பி நீளம் அவ்வளவுதான்.

குழுத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது எந்த நிறத்துக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

"நீலம், சார்," என்றாள் வைஷாலி, குனிந்த தலை நிமிராமல்.

"அது... மரியாதை," என்றார் இயக்குநர்.

குழுத் தலைவர் தம் நாற்காலியைப் போர்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மற்ற மூவரும் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பேண்ட்ஸே ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார்.

ஜம்புநாதன் டெஸ்டரை எடுத்தார். கரண்ட் இல்லாத ஒயர்தான், ஆனாலும் வைத்துப் பார்த்தார். ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளங்கை நசநசவென்று ஈரமாக இருந்தது. அவர் அதைத் துடைக்கவே இல்லை.

விளக்கு வந்ததும் அவர் நேராக வைஷாலியிடம் போய் விரலை நீட்டினார். "கட்டுங்க மேடம். நீலத்தக் காட்டுங்க."

"அங்கிள், வேணாம். பாஸ் ஆயிட்டீங்க. இப்ப ஃபெயில் ஆயிடுவீங்க."

"ஆயிட்டுப் போறேன். காட்டுங்க."

நீலக் கட்டம் வந்தது. முள் குதித்தது. "எழுதிக்கோங்க," என்றார் ஜம்புநாதன்.

சான்றிதழ் ரத்தானது. இயக்குநர் விஷயத்தை விசாரித்த கமிட்டி, அன்று தொங்கிய ஒயரின் நீலம் நிலையத்தால் அங்கீகரிக்கப்பட்ட நீலம் அல்ல என்று ஒருமனதாக முடிவு செய்தது.

பத்து நாளில் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. ஜம்புநாதன் என்பவர் ஆரோக்கியமான வயது வந்தவர் அல்லர். நீல நிற ஒயரைக் கண்டால் அச்சம் கொள்கிறார். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் குணமாகவில்லை. ஜம்புநாதன் காளே சாஹேபின் மேஜை முன்னால் நின்றார். காலையிலேயே மல்லிகாவிடம், கேட்டில் உட்கார ஒரு மெத்தை வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

காளே கடிதத்தை ஒரு தடவை படித்தார். மறுபடி மெதுவாகப் படித்தார். தம் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

"ரெண்டாம் நம்பர் பேனல் ட்ரிப் ஆயிருக்கு. போய்ப் பாரு."

"சாஹேப், ரூல்?"

"போ," என்றார் காளே.

ஜம்புநாதன் போனார். மெயினை அணைத்தார், மூடியைக் கழற்றினார், பையிலிருந்து டெஸ்டரை எடுத்து முதலில் நீலத்தில் வைத்தார். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. நிம்மதியாக இருந்தது.